குப்பைமேட்டில் ஒரு பினாங்குப் பெண்

சிம்பாங் அம்பாட்காரர்களுக்குக் கடல் சாப்பாடு என்றால் பக்கத்திலேயே புக்கிட் தம்புன். ஒரு தட்டு கெராங் சிப்பி வந்தால் பத்தே நிமிடம், மேசையில் ஓடுதான் மிஞ்சும். அந்த ஓட்டை யாரும் அள்ளவில்லை, நாமும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் அதே இடத்தில் தின்று தின்று போட்டுக்கொண்டே இருக்கிறோம் என்று வையுங்கள். என்ன ஆகும்? குவார் கெப்பா ஆகும்!

சிம்பாங் அம்பாட்டும் அடங்கிய இதே செபராங் பிறையின் வடக்கே, கெப்பாலா பத்தாஸ் பக்கம் இருக்கிறது அந்த இடம். ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல் மட்டம் இப்போதைவிட உயரம். இன்றைக்கு வயலாக இருக்கும் நிலத்தின் ஓரம்வரை தண்ணீர். கரையோரத்து ஆட்கள் சிப்பி பொறுக்கினார்கள், தின்றார்கள், ஓட்டை வீசினார்கள். மேடு வளர்ந்தது. செத்தவர்களையும் அதே மேட்டில் புதைத்தார்கள். அடுப்படிக் குப்பையும் இடுகாடும் ஒன்றேதான்! முகம் சுளிக்காதீர்கள், ஆராய்ச்சிக்காரர்களுக்கு இது லாட்டரி. நம் ஊர் மழைக்கும் புளித்த மண்ணுக்கும் எலும்பு தாங்காது, கரைந்துவிடும். சிப்பி ஓட்டில் இருக்கும் சுண்ணாம்பு அந்தப் புளிப்பை முறித்து எலும்பைக் காப்பாற்றிவிடுகிறது.

மேட்டுக்கு எமனாக வந்ததும் அதே சுண்ணாம்புதான். 19ஆம் நூற்றாண்டில் ஓடுகளை வெட்டி எடுத்துக் காளவாசலில் சுட்டுவிட்டார்கள். மிச்சமிருந்ததில் 1934இல் வான் ஸ்டெய்ன் காலன்ஃபெல்ஸ் என்ற டச்சுக்காரர் தோண்டினார். பழைய அகழ்வுகளில் கிடைத்த 41 எலும்புக்கூடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பினாங்கின் மிகப் பழைய குடும்பம் ஐரோப்பாவில் பெட்டிக்குள்! எனக்கு இது பொறுக்கவே இல்லை.

அதனால்தான் 2017 ஏப்ரல் செய்தி அப்படி இனித்தது. அங்கே ஒரு தொல்லியல் கூடம் கட்ட மண்ணைக் கிளறினார்கள். காட்சிக்கு எதை வைப்பது என்று யோசிக்க வேண்டிய இடத்தில், காட்சிப்பொருளே தரைக்கடியில் படுத்திருந்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக (யூஎஸ்எம்) குழு பொறுப்பேற்றது. இந்த மாதிரி நேரத்தில் இயந்திரம் நின்றுவிட வேண்டும். அப்புறம் எல்லாம் முழங்காலில்தான். கயிறு கட்டிச் சதுரம் பிரிப்பார்கள். கொத்துக்கரண்டியால் சுரண்டுவார்கள். எலும்பு தட்டுப்பட்டால் கரண்டியைப் போட்டுவிட்டு மூங்கில் குச்சி, வண்ணம் அடிக்கிற தூரிகை. எடுத்த மண்ணையும் கொட்டிவிட முடியாது, சல்லடையில் சலித்தாக வேண்டும். மீன் முள் ஒன்று கிடைத்தாலும் அது அன்றைய சாப்பாட்டுக்குச் சாட்சி. வெயிலில் மணிக்கணக்காகக் குனிந்து, ஒரு சாண் ஆழம் இறங்கினால் அதுவே நல்ல நாள்.

அப்படி வெளியே வந்தவள்தான் 'பினாங்குப் பெண்'. 5,000 ஆண்டுக்கும் மேற்பட்டவள். கைகள் உடம்பின் மேல் மடிந்திருக்க, சுற்றிலும் சிப்பி, மண்பாண்டம், கல் ஆயுதம். யாரோ பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள்!

நம் ஆட்களிடம் தொல்லியல் என்று சொன்னால் போதும், ராஜேந்திர சோழனையும் கடாரத்தையும் இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். இழுக்கட்டும், எனக்கும் பெருமைதான். ஆனால் 1025இல் சோழர் கப்பல் வந்தபோதே இந்த அம்மாவைப் புதைத்து நாலாயிரம் வருஷம் போல் ஆகியிருந்தது.

கடாரப் பக்கமும் சும்மா இல்லை. கெடாவின் புக்கிட் சோராஸ் குன்றில் 1937இல் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆராய்ச்சிக்காரர் கொஞ்சம் தோண்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார். பல வருஷம் கழித்து அதே குன்றில் யூஎஸ்எம் குழு தோண்டியபோது தியானத்தில் உட்கார்ந்த ஆளுயரச் சுதைச் சிலைகள்! 8, 9ஆம் நூற்றாண்டுப் பௌத்தக் கட்டடம் அது. பாவம் வேல்ஸ். சிலைகள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் என் ஓட்டு குப்பைமேட்டுக்கே. சிலை, செய்யச் சொன்னவரின் பக்தியைக் காட்டும். ராத்திரி என்ன தின்றார்கள் என்பதைச் சிப்பி ஓடு ஒளிக்காமல் சொல்லிவிடும்.

கெடாவரை போக நேரமில்லையா? புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் கோயில் வளாகத்துக்குப் போங்கள், சிம்பாங் அம்பாட்டிலிருந்து பக்கம்தான். ஜூலைத் திருவிழாவுக்கு மெழுகுவர்த்தியோடு போகிற நம்மவர்களில் எத்தனை பேர் அங்கே நிற்கும் செரோக் தோக் குன் பாறையைக் கவனித்திருப்பார்கள்? பழைய இந்திய எழுத்து வெட்டிய கல் அது. கர்னல் ஜேம்ஸ் லோ 1845இல் குறித்து வைத்தார். எழுத்து மங்கல், நடுப்பகலில் ஒன்றும் தெரியாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். தடவிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம், தொடாதீர்கள்!