வீட்டுக் கூரையும் வெயிலின் விலையும்

வெயிலுக்கு விலையில்லை. அதனை மின்சாரமாக்கும் தகட்டிற்கு விலையுண்டு. அவ்விலையில் ஒரு பங்கைத் தான் ஏற்பதற்கென மத்திய அரசு 2024 பிப்ரவரியில் 'பிரதமரின் சூரிய வீடு' திட்டத்தைத் தொடங்கியது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய். ஆக, 78,000 ரூபாயே மானியத்தின் மேலெல்லை என வகுக்கப்பட்டது. மூன்று கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 300 சதுர அடி நிழலற்ற மாடி வேண்டும். நல்ல வெயிலில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு யூனிட் அளவில் மின்சாரம் கிடைக்கும்.

இதனால் ஆதாயம் அடைவோர் யாவர்? தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2016-இல் இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசமும் ஆயிற்று. ஆகவே, இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியுமே உள்ள குடும்பத்திற்குத் தகடு மிச்சப்படுத்தித் தரும் பணம் சொற்பம். குளிர்சாதனம் வைத்திருப்போருக்கோ, மிக உயர்ந்த படியின் கட்டணமே முதலில் குறைகின்றது. வாடகைக்குக் குடியிருப்போருக்கு மாடியே சொந்தமில்லை.

மாடியுள்ளவரை நாடிச் செல்லும் இம்மானியம், மாடியில்லாதவரையும் எட்டும் வழி காணப்பெறல் வேண்டும் என்பது என் கருத்து. வாங்க எண்ணும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: விற்பவர் காட்டும் கணக்கை ஏற்குமுன், உங்கள் வீட்டு மின் அட்டையில் ஓராண்டுக் கணக்கைப் புரட்டிப் பாருங்கள்.