சத்தம் கூடினால் சக்தி கூடுமா?

மலைநாட்டில் ஏப்ரல் பிறந்தால் புத்தாண்டுப் பலகார வாசத்தோடு என்ஜின் சத்தமும் சேர்ந்தே வரும். நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்ற ஓட்டம் 1934இல் தொடங்கியது. அதே மாதத்தில் தியத்தலாவையில் இராணுவத்தினர் நடத்தும் பொக்ஸ்ஹில் சுப்பர்குரொஸ், பதுளை மாவட்டத்து இளைஞர்களுக்குத் தங்கள் வீட்டு முற்றத்தில் நடக்கும் போட்டி போன்றது. அங்கே ஓடுபவை எல்லாம் கோடிக்கணக்கில் விலைபோகும் வாகனங்கள் அல்ல. 1000 சீசீ நிசான் மார்ச்சுக்கும் 1500 சீசீ போர்ட் லேசருக்கும்கூடத் தனித்தனிப் பிரிவுகள் இருந்திருக்கின்றன. பசறை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கார் அங்கே புழுதி கிளப்பிப் பறக்கிறது.

போட்டி பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவனின் மனதில் அந்த இடத்தில்தான் ஆசை முளைக்கிறது. அதே கார்தானே, என்னுடையது ஏன் அப்படிப் போகக்கூடாது?

போகலாம். வாகனத்தைச் செய்த கம்பனி தராமல், வேறொருவர் வடிவமைத்து விற்கும் பாகங்களை மாட்டி ஒரு காரின் ஓட்டத்தை உண்மையாகவே மாற்ற முடியும். உலகம் முழுவதும் இது பெரிய தொழில். ஆனால் அந்தப் பாகம் சொன்னபடி வேலை செய்கிறதா என்று அளந்து பார்க்கும் வேலை, அதைச் செய்யும் வேலையைவிட நீண்டது. கடைக்காரர் காட்டும் பெட்டியில் அந்த நீளம் தெரிவதில்லை. ஊவா போன்ற மலைப்பகுதியில் அந்த அளவை எங்கே எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடையே மாறிவிடும்.

எல்லோரும் முதலில் கைவைப்பது எயார் பில்டரில். கம்பனி தந்த கறுப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவத்தில் ஒரு திறந்த பில்டரை மாட்டுவார்கள். அரை மணி நேர வேலை. அக்சிலரேட்டரை மிதித்தவுடன் காற்று உறிஞ்சும் சத்தம் காதை நிறைக்கும். கார் பிய்த்துக்கொண்டு போவது போலிருக்கும். கழற்றி வீசிய கறுப்புப் பெட்டியோ முன் கிரில்லுக்குப் பின்னாலிருந்து வெளிக்காற்றை எடுத்துக்கொண்டிருந்தது. கூம்பு பில்டர் பொனட்டுக்கு அடியில், ரேடியேட்டர் கக்கும் சூட்டை மூச்சாக இழுக்கிறது. காற்று 10 பாகை செல்சியஸ் சூடாகும்போது அதன் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். அடர்த்தி குறைந்த காற்றில் ஒட்சிசன் குறைவு. எரிக்கக்கூடிய பெற்றோலும் குறைவு. வெளிக்காற்றைவிட 30 பாகை சூடான காற்றை இழுக்கும் என்ஜின், சத்தத்தைக் கூட்டிக்கொண்டு சக்தியை இழக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. வயர் முனையுடைய சிறிய வெப்பமானிகள் இரண்டு போதும். ஒன்றைப் பில்டரின் வாயிலும் இன்னொன்றை முன் பம்பருக்கு வெளியிலும் பொருத்தி, நெரிசலில் பத்து நிமிடம் நிறுத்திவைத்து, பிறகு இரண்டாம் கியரில் ஏற்றம் ஏறிப் பார்க்க வேண்டும். இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி குறையும்வரை பில்டரைச் சுற்றி ஒரு வெப்பத் தடுப்பைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி அளவு பார்ப்பார்கள். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகுதான் அலுமினியத் தகடு. பெயர்பெற்ற கம்பனிகள் இதே வேலையை லேசர் ஸ்கேனரிலும் கணினியிலும் தொடங்கி, முப்பரிமாண அச்சில் பிளாஸ்டிக் மாதிரி எடுத்து, அது என்ஜினுக்குள் எதிலும் இடிக்காமல் பொருந்துகிறதா என்று பார்த்த பின்னரே உலோகத்துக்குப் போகின்றன. கருவி மாறினாலும் வரிசை அதேதான்.

சைலன்சர் கதையும் இதற்கு அண்ணன் தம்பி. குழாயை அகலமாக்கினால் புகை இலகுவாக வெளியேறும் என்பது உண்மை. அளவுக்கு மீறி அகலமாக்கினால் புகையின் வேகம் குறைந்து, குறைந்த சுழற்சியில் இழுவை போய்விடும். நெடுஞ்சாலையில் பறக்கும் காருக்கு அது பெரிய நட்டமில்லை. நமுனுகலைப் பக்கமோ லுணுகலைப் பக்கமோ கொண்டை ஊசி வளைவில் ஊர்ந்து திரும்பி மீண்டும் ஏற வேண்டிய காருக்குத் தேவையானதே அந்தக் குறைந்த சுழற்சி இழுவைதான். கொழும்பு நண்பரின் காருக்குப் பொருந்திய குழாய், பசறைக் காருக்குப் பாரமாகும்.

சக்தியை அளக்கும் கருவிக்கு டைனோ என்று பெயர். காரை உருளைகளின் மேல் ஏற்றிக் கட்டி, சக்கரத்தைச் சுழலவிட்டு இழுவையைப் பதிவு செய்வார்கள். அது எழுதித் தரும் வரைபடத்தை ஒரு சான்றிதழ் போலக் கைபேசியில் வைத்திருப்பவர்கள் உண்டு. அந்தத் தாளில் கவனிக்க வேண்டியது உச்சியிலுள்ள எண்ணை மட்டுமல்ல. அன்றைய காற்றழுத்தமும் வெப்பநிலையும் அதில் இருக்கின்றனவா, அவற்றுக்கேற்ற திருத்தம் போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர். டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் பத்து சதவீதச் சக்தியை இழக்கும். கொழும்பில் 100 குதிரைவலு காட்டும் கார் நுவரெலியாவில் எண்பத்துச் சொச்சம்தான் காட்டும். பாகம் மாட்டும் முன் மலையில் ஒருமுறையும், மாட்டிய பின் கொழும்பில் ஒருமுறையும் அளந்தால், எதையுமே மாற்றாத காருக்கும் பதினைந்து இருபது குதிரைவலு கூடியதாக வரும்.

அதனால் சோதிப்பவர்கள் ஒரு விரதம் போலக் காப்பது இதுதான்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதே நாள், அதே எரிபொருள், அதே டயர் காற்று. பழைய பாகத்தோடு மூன்று ஓட்டம், புதியதோடு மூன்று ஓட்டம், பிறகு பழையதை மீண்டும் மாட்டி இன்னொரு மூன்று. கடைசி மூன்றும் முதல் மூன்றோடு ஒத்துப்போகாவிட்டால் அன்றைய கணக்கையே கிழித்துப்போட வேண்டும். பலர் அந்தக் கடைசிச் சுற்றைத் தவிர்த்துவிடுகிறார்கள். கழற்றி மாட்டிய கை வலிக்கும்தான். ஆனாலும் பொய் பிடிபடுவது அந்தச் சுற்றில்தான்.

கணினி டியூனிங்கில் மலைக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. என்ஜினை ஆளும் பெட்டிக்குள் இருக்கும் அட்டவணைகளை மாற்றி, தீப்பொறியை முன்கூட்டியே விழச் செய்தால் சக்தி கூடும். அளவு மீறினால் பெற்றோல் தானாகவே வெடித்து 'நொக்' அடிக்கும். நாளடைவில் பிஸ்டன் உடையும். உயரமான இடத்தில் காற்று மெல்லியது, குளிர்ச்சியானது. சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு. ஆகவே நொக் எளிதில் வராது. பண்டாரவளைக் குளிரில் 95 ஒக்டேன் பெற்றோலோடு துணிந்து டியூன் செய்த கார், அங்கே சமர்த்தாக ஓடும். அதே கார் 92 ஒக்டேனை நிரப்பிக்கொண்டு கொழும்பு வெயிலுக்கு இறங்கட்டும். மலையில் தெரியாத குற்றம் அங்கே தெரியும். நேர்மையான டியூனர் தன் அட்டவணையைத் தான் இருக்கும் ஊருக்காக மட்டும் எழுத மாட்டார். அந்தக் கார் போகக்கூடிய மிக மோசமான நாளுக்காக எழுதுவார்.

இந்த வேலையைத் தமிழ் பேசும் மண்ணில் பொறுமையாகச் செய்து காட்டிய ஊர் கோயம்புத்தூர். பஞ்சாலை இயந்திரமும் தண்ணீர்ப் பம்பும் செய்து பழகிய லேத் பட்டறைகள் நிறைந்த ஊர் அது. அங்கே பிறந்த எஸ். கரிவர்தன், வெளிநாட்டுப் பந்தயக் காரை வாங்க வழியில்லாத இளைஞர்களுக்காக, தெருவில் ஓடும் மாருதியின் என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். 1995இல் சிறு விமான விபத்தில் அவர் இறந்தபோது வயது நாற்பதைச் சற்றே தாண்டியிருந்தது. 2003இல் செட்டிப்பாளையத்தில் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதே ஊரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாட்டாவோடு சேர்ந்து 2018 ஒக்டோபரில் டியாகோ ஜேடிபி என்ற காரை வெளியிட்டது. சாதாரண டியாகோவின் 85 குதிரைவலு, 1.2 லீற்றர் டர்போ என்ஜினோடு 114 ஆனது.

அந்தக் காரில் பலர் கவனிக்காமல் விட்ட ஓர் எண் உண்டு: 4 மில்லிமீட்டர். பந்தயக்காரர்கள் சேர்ந்து செய்த காராக இருந்தும் அதன் உயரத்தை அவ்வளவுதான் குறைத்தார்கள். தெருவில் குழி இருக்கிறது, வேகத்தடை இருக்கிறது என்ற உண்மையை மதித்து ஸ்பிரிங்கையும் ஷொக் அப்சோபரையும் சேர்த்தே வடிவமைத்தார்கள். தோட்டப் பாதைகளில் ஓடும் கார்களின் ஸ்பிரிங்கை இரண்டு சுற்று வெட்டி எறிபவர்கள் இதை யோசிக்க வேண்டும். வெட்டிய ஸ்பிரிங் விறைப்பாகும். பழைய ஷொக் அப்சோபரால் அதை அடக்க முடியாது. சக்கரம் குழியில் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவவும் கூடும்.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி பொக்ஸ்ஹில்லில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. இருபதுக்கும் அதிகமானோர் காயமடைந்தார்கள். அந்த விபத்தை ஏதோ ஒரு பாகத்தின் தலையில் கட்டுவது இங்கே நோக்கமல்ல. ஆனால் வேகமாகப் போகும் வாகனத்தில் எது தவறினாலும் அடி வாங்குவது ஓட்டுநர் மட்டுமல்ல என்பதைப் பதுளை மாவட்டம் கண்ணால் கண்டுவிட்டது. புதுப் பாகத்தைப் பரீட்சித்துப் பார்க்கப் பாடசாலை விடும் நேரத்துப் பதுளை வீதி இடமே அல்ல. வாகனத்தின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி தேவை. 2025 தொடக்கத்தில் 'கிளீன் ஸ்ரீ லங்கா' திட்டத்தோடு பொலிஸார் அனுமதியற்ற பொருத்துதல்களைக் கழற்றச் சொன்னபோது, இது பலருக்கு முதன்முறையாக உறைத்தது.

பாகம் வாங்கும்போது கண்ணுக்குத் தெரியும் சில அடையாளங்கள் உண்டு. ஜப்பானிய அலோய் சக்கரத்தின் மேல் ஜேடபிள்யூஎல் என்ற முத்திரை இருந்தால், சுழற்றி வளைத்தும், பாரம் ஏற்றி உருட்டியும், மேலிருந்து எடையைப் போட்டு மோதியும் சோதிக்க வேண்டிய தரத்துக்கு அது செய்யப்பட்டது என்று பொருள். பக்கத்தில் விஐஏ முத்திரையும் இருந்தால், அதை வெளியார் ஒருவரும் சரிபார்த்திருக்கிறார். முத்திரையையும் போலியாக வார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் வாங்கும் இடமும் முக்கியம். ஐரோப்பாவில் பிரேக் பேட்டுக்கு ஆர்90 என்ற விதி இருக்கிறது. மாற்றுப் பேட்டின் பிடிப்பு, கம்பனிப் பேட்டிலிருந்து பதினைந்து சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது. கூடுதலாகப் பிடித்தாலும் குற்றம்தான். முன் சக்கரமும் பின் சக்கரமும் பிரேக்கைப் பங்கிட்டுக்கொள்ளும் கணக்கு குலைந்தால், ஈரமான வளைவில் கார் திரும்பி நிற்கும்.

கடைசிப் பரீட்சை இறக்கத்தில். பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு வரும்போது கார் சுமார் 500 மீட்டர் கீழே இறங்குகிறது. 1,100 கிலோ காருக்கு அந்த இறக்கம் தரும் ஆற்றல் 17 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியர் குறைத்து இறங்கினால் என்ஜின் ஒரு பங்கை ஏற்கும், காற்றும் கொஞ்சம் ஏற்கும். நியூட்ரலில் விட்டால் ஏறக்குறைய முழுச் சூடும் நான்கு பிரேக்குகளின் மேல் விழும். என்ஜினுக்குச் சக்தி கூட்டியவர் ஒவ்வொரு வளைவையும் இன்னும் வேகமாக அணுகுவார். 60இலிருந்து நிறுத்துவதைவிட 80இலிருந்து நிறுத்த 78 சதவீதம் அதிக ஆற்றலைப் பிரேக் விழுங்க வேண்டும்.

பெடல் மெத்தை போல உள்ளே போவதன் காரணம் பல நேரங்களில் பிரேக் ஒயில். டொட் 4 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகைவரை கொதிக்கக்கூடாது என்பது தரம். அது ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறிய ஒயிலுக்கு அந்த எல்லை 155 பாகையாகச் சரிந்துவிடும். கொதித்தால் குமிழ் உண்டாகும், குமிழ் அமுங்கும், பெடல் தரையைத் தொடும். மூடுபனியும் மழையுமாக இருக்கும் மலையில் இந்த ஒயிலைப் பழையதாக விடுவது, ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய டிஸ்க்கைக் குப்பையில் போடுவதற்குச் சமம்.

டிஸ்க் எவ்வளவு சூடானது என்பதை அறியப் பந்தயக்காரர்கள் விலை குறைந்த ஒரு வழி வைத்திருக்கிறார்கள். டிஸ்க்கின் ஓரத்தில் மூன்று வண்ணங்களில் மெல்லிய கோடு இழுப்பார்கள். பச்சை 430 பாகையில் நிறம் மாறும், செம்மஞ்சள் 560இல், சிவப்பு 610இல். தடத்தில் ஓட்டம் முடிந்ததும் பிரேக்கை அழுத்தாமல் உருட்டிக்கொண்டு வந்து, ஆறவிட்டு, சக்கரத்தைக் கழற்றுவார்கள். ஒருவர் டோர்ச் பிடிக்க, இன்னொருவர் குனிந்து பார்க்கிறார். பச்சை முழுவதும் வெள்ளையாகியிருக்கிறது. செம்மஞ்சள் வெளி விளிம்பில் மட்டும் மங்கத் தொடங்கியிருக்கிறது. சிவப்பு அப்படியே இருக்கிறது. கொப்பியில் திகதி, காற்று வெப்பநிலை, பேட்டின் பெயர், இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனி வரி என்று எழுதிவிட்டு, ஒயிலை வடித்து மாற்றிக்கொண்டு, அடுத்த ஓட்டத்துக்குப் புதுக் கோடு இழுக்கிறார்கள்.