தெரியாத ஊரில் ஒருத்தி – 9: வெட்டுக்கிளியில் ஏறி நரியில் இறங்கு

மெக்சிகோ சிட்டியின் மானுடவியல் அருங்காட்சியகத்தைப் பார்த்து முடித்த கையோடு ஓவியர் ஃப்ரீடா காலோவின் நீல வீட்டுக்குப் போக வேண்டும். ஸ்பானிஷ் ஒரு சொல்லும் தெரியாது. வழி இதுதான்: வெட்டுக்கிளியில் ரயில் ஏறுங்கள். இரட்டைக் கொடி போட்ட திசையில் போய்ப் பீரங்கியில் மாறுங்கள். நரியைப் போல ஒரு விலங்கு வந்ததும் இறங்குங்கள். மீதி, நல்ல நடை.

விடுகதை இல்லை. அந்த ஊர் மெத்ரோவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயரோடு ஒரு படமும் உண்டு. சப்புல்தெபெக் நிலையத்துக்கு வெட்டுக்கிளி. பல்தேராஸுக்குப் பழைய பீரங்கி. கொயோஅக்கானுக்கு அந்த ஊர்க் காட்டு விலங்கான கொயோட்டே. லா மெர்செத் சந்தைக்கு ஒரு பெட்டி ஆப்பிள். எத்தியோப்பியா நிலையத்துக்குச் சிங்கத்தலை. வழித்தடங்களுக்கும் தனித்தனி நிறம்: முதலாவது ரோஜா, இரண்டாவது நீலம், மூன்றாவது ஆலிவ் பச்சை. நடைமேடையில், ரயில் பெட்டிக் கதவுக்கு மேலே, வெளியேறும் வழியில் என்று எங்கே திரும்பினாலும் அந்தப் படங்கள்தான். நிறத்தையும் நான்கைந்து உருவங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், 12 வழித்தடங்கள் கொண்ட ரயிலில் எங்கும் போய்த் திரும்பலாம்.

நம்மைப் போன்ற வெளியூர்க்காரிகளுக்காகச் செய்த ஏற்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். 1969 செப்டம்பர் 4 அன்று மெத்ரோ ஓடத் தொடங்கியபோது, கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களால் நகரம் வீங்கிக்கொண்டிருந்தது. அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஏராளம். தாய்மொழி ஸ்பானிஷ் இல்லாத பழங்குடி மக்களும் இருந்தார்கள். பெயர்ப்பலகையைப் படிக்க முடியாத ஒருவர் எங்கே இறங்குவது என்று எப்படித் தெரிந்துகொள்வார்? இந்தக் கேள்விக்கு விடையாக வந்தவைதான் படங்கள். முதல் மூன்று வழித்தடங்களின் படங்களை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் லான்ஸ் வைமன் என்ற அமெரிக்கர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸின் சின்னத்தை வடிவமைத்தவரும் அவரே. அவர் காலத்துப் படங்களில் ஒரு சிக்கனம் தெரியும்: ஒரு நிறம், ஓர் உருவம், தள்ளி நின்று பார்த்தாலும் பிடிபடும். பின்னால் வந்த வழித்தடங்களின் படங்களில் கோடுகள் கூடிவிட்டன. ஓடுகிற ரயிலிலிருந்து பார்த்தால் எனக்குச் சில குழம்பின.

கொஞ்சம் யோசித்தால் இது விசித்திரமான சமத்துவம். ஓஆஹாக்கா மலைக் கிராமத்திலிருந்து வேலை தேடி வந்த ஒரு பாட்டிக்காக யோசித்தது, பாஸ்போர்ட்டும் பட்டமும் வைத்திருக்கிற எனக்குக் கைகொடுக்கிறது. அந்த ஊரில் நானும் எழுத்தறியாதவள்தானே.

கையில் கைபேசி இருக்கும்போது வெட்டுக்கிளியும் பீரங்கியும் எதற்கு என்று கேட்கலாம். மொழிபெயர்ப்புச் செயலி உண்மையிலேயே நல்ல துணை. ஓட்டல் அறையில், மருந்துக் கடையில் அதை விட்டால் ஆளில்லை. ஆனால் நெரிசலான நடைமேடையில் குனிந்த தலையோடு திரையைத் தேய்த்துக்கொண்டு நிற்பவள், தான் ஊருக்குப் புதிது என்று பலகை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். போனைப் பறிப்பவனுக்கும் அது தெரியும், பின்தொடர்பவனுக்கும் அது தெரியும். தலை நிமிர்ந்து படத்தைப் பார்த்து நடப்பவளை அவ்வளவு எளிதில் கண்டுகொள்ள முடியாது. தனியே போகும் பெண்ணுக்கு இதன் அருமை தெரியும்.

நடுவே ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் வழித்தடமும் இரண்டாவதும் சந்திக்கும் பினோ சுவாரெஸ் நிலையத்தின் படம், வட்டமான ஒரு சிறு கோயில். மெத்ரோவுக்காகத் தோண்டியபோது, 1967இல், மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த அஸ்டெக் காலத்துப் பீடம் அது. காற்றுக் கடவுளான ஏஹெகாத்லுக்கானது. வேறிடத்துக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே விட்டு, சுற்றி நிலையத்தைக் கட்டினார்கள். ரயில் மாறும் கூட்டம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடுகிறது. நீங்கள் ஐந்து நிமிடம் நில்லுங்கள். டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது.

தரைக்கு மேலே வந்தால் படங்கள் போய் ஒலிகள் ஆரம்பிக்கின்றன. ஒரு சிறுமியின் குரல், ஒலிபெருக்கியில், இழுத்து இழுத்து. மெத்தை, குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு, சலவை இயந்திரம் என்று பட்டியல் போட்டு, பழசு இருந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்கிறது. ஒரு பழைய சாமான் வியாபாரி 2000களின் தொடக்கத்தில் தன் மகளின் குரலில் பதிவு செய்தது. இன்று நகரம் முழுக்க எத்தனையோ வண்டிகளில் அதே குரல்தான். அந்தச் சிறுமி வளர்ந்து பெரியவளாகிவிட்டாள். ஒரு சொல்லும் புரியாமலே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கேட்டு வளர்ந்த காதுக்கு உரை எதற்கு? சாயங்காலமானால் தெருவை அறுத்துக்கொண்டு ஒரு நீராவி விசில்: சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுடும் தள்ளுவண்டி. மணி அடித்தால் குப்பை வண்டி.

லா மெர்செத் சந்தையில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குப் பாதி வேலை குறைவு. கொய்யா, பப்பாளி, சீதா, சப்போட்டா, மக்காச்சோளம், தக்காளி, மலைமலையாகக் காய்ந்த மிளகாய். எல்லாம் அந்த மண்ணிலிருந்தோ அதன் அக்கம்பக்கத்திலிருந்தோ கப்பலேறி நம் அடுப்படிக்கு வந்தவை. எதிர்த்திசையில் போன மாம்பழமும் புளியும்கூட அங்கேயே உட்கார்ந்திருக்கின்றன. புளியைச் சர்க்கரையும் மிளகாய்த்தூளும் சேர்த்து உருட்டி மிட்டாயாக விற்கிறார்கள். விரலை நீட்டினால் விலை. கடைக்காரம்மா கால்குலேட்டரில் தட்டிக் காட்டுவார். பேரம் வேண்டாம், எடை சரியாகவே இருந்தது.

இதுவரை எல்லாம் சுகம். சிக்கல் சாப்பாட்டு மேசையில் தொடங்குகிறது, குறிப்பாகச் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு. சோள ரொட்டியில் பயமில்லை. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்த மாவு அது. அதன்மேல் தடவித் தரும் பருப்புக் கூழைப் பார்த்தால் சுத்த சைவம்போலத்தான் இருக்கும். ஆனால் பல கடைகளில் அதைத் தாளிப்பது பன்றிக் கொழுப்பில். கோழி வேண்டுமென்றால் கோழிப் படத்தைக் காட்டிவிடலாம். கொழுப்பு வேண்டாம் என்பதை எந்தப் படத்தால் காட்டுவது? படம் இருப்பதைச் சொல்லும். இல்லை, வேண்டாம், கூடாது என்று சொல்ல அதற்கு வாயில்லை. இதற்காகத்தான் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். ஆங்கிலம் தெரிந்த ஓட்டல் ஊழியர் யாரிடமாவது, நீங்கள் சாப்பிடாதவற்றின் பட்டியலை ஸ்பானிஷில் எழுதி வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். வரவேற்புச் சொற்கள் பத்துப் பன்னிரண்டு கற்றுக்கொண்டு போவதைவிட இந்தச் சீட்டுக்கு மதிப்பு அதிகம்.

கைக்கும் ஒரு மறுப்பு உண்டு. ஆட்காட்டி விரலை நிமிர்த்தி இடவலமாக ஆட்டுவது. நம் ஊரில் அப்படி ஆட்டினால் வாத்தியார் மிரட்டுகிற மாதிரி இருக்கும். அங்கே அது சாதாரணமான 'இல்லை'. தெருவில் எதையாவது விற்க வருகிறவரிடம் புன்னகையோடு ஒருமுறை ஆட்டினால் அவரும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

எல்லாரும் அப்படி நகர்ந்துவிடுவதில்லை என்பதை அந்த ஊர்ப் பெண்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். மெத்ரோவின் முன்பக்கப் பெட்டிகள் பெண்களுக்கும் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். நெரிசல் நேரத்தில் நடைமேடையிலேயே தடுப்புப் போட்டு, போலீஸ் நின்று ஆண்களைத் திருப்பி அனுப்புகிறது. 2008இல் பெண்களுக்கென்றே தனிப் பேருந்துகளும் விட்டார்கள். பெண்களை ஒதுக்கி வைப்பதா தீர்வு, தொல்லை கொடுப்பவனை அல்லவா ஒதுக்க வேண்டும் என்று அங்கே பெண்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் கொள்கை பேச நேரமில்லாத மாலை ஆறு மணிக்கு நான் அந்தத் தடுப்புக்குள்தான் போய் நின்றேன். உள்ளே கண்ணாடி பார்த்து இமைக்கு மை தீட்டுகிறவர்கள், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டவர்கள். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

படங்களுக்கு மறுக்கத் தெரியாது என்று சொன்னேன். அந்த ஊர்க்காரர்கள் அதையும் சொல்ல வைத்தவர்கள். 1968 ஒலிம்பிக்ஸை ஒட்டி நகரமெங்கும் வைத்த சின்னங்களில் அமைதிப் புறாவும் ஒன்று. விளையாட்டு தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது, அக்டோபர் 2 அன்று, த்லத்தெலோல்கோ சதுக்கத்தில் கூடியிருந்த மாணவர்களை அரசுப் படைகள் சுட்டுக்கொன்றன. போராட்டக்காரர்கள் அதே புறாவை எடுத்து, நெஞ்சில் ரத்தம் வழியவிட்டுச் சுவரில் ஒட்டினார்கள்.

அந்த வழக்கம் ரெஃபோர்மா சாலையில் இன்னும் இருக்கிறது. அங்கே ஒரு வட்டத்தில் கொலம்பஸ் சிலை நின்றிருந்தது. 2020 அக்டோபரில் அரசு அதை எடுத்தது. வெறும் பீடத்தின்மேல் 2021 செப்டம்பரில் பெண்கள் கையை உயர்த்திய ஊதா நிறப் பெண்ணுருவம் ஒன்றைத் தாங்களாகவே ஏற்றி நிறுத்தினார்கள். சுற்றியிருந்த தடுப்புகளில் கொலையானவர்களின், காணாமல் போனவர்களின், அவர்களைத் தேடி அலையும் தாய்மார்களின் பெயர்களை எழுதினார்கள். போராடும் பெண்களின் வட்டம் என்று இடத்துக்குப் பெயரும் வைத்தார்கள். நகர நிர்வாகம் அங்கே நிறுத்த விரும்பியது வேறொரு சிலை: அமஹாக் இளம்பெண் எனப்படும் பழங்காலக் கற்சிலையின் பெரிய நகல். பெண்கள் இடத்தைக் காலி செய்ய மறுத்தார்கள். கடைசியில், 2023இல், அரசின் சிலை அதே சாலையில் சற்றுத் தள்ளி வேறிடத்துக்குப் போயிற்று. ஊதாப் பெண் நின்ற இடத்திலேயே நிற்கிறாள்.