மூன்றாம் பிரிவில் ஒரு பத்தி
புரட்சிக்கு முன் வந்த அறிக்கைகள் – 9

1910 நவம்பர் 20, மாலை 6 மணி. அந்த நேரம் முதல் மெக்சிகோவின் குடிமக்கள் அனைவரும் ஆயுதம் ஏந்த வேண்டும் என்று நாளும் மணியும் குறித்து அழைத்தது ஓர் அறிக்கை. ‘சான் லூயிஸ் போத்தோசித் திட்டம்’ என்று அதற்குப் பெயர். எழுதியவர் பிரான்சிஸ்கோ மதேரோ, வடக்கே கோவாவிலா மாநிலத்தின் பெரும் பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை. 1876 முதல் நாட்டைப் பிடிக்குள் வைத்திருந்த போர்பிரியோ தியாஸை 1910ஆம் ஆண்டுத் தேர்தலில் எதிர்த்து நின்றவர். வாக்குப்பதிவுக்கு முன்பே அவரைச் சிறையில் அடைத்துவிட்டுத் தேர்தலை நடத்தி முடித்தார் தியாஸ். பின்னர் ஜாமீனில் சான் லூயிஸ் போத்தோசி நகருக்குள்ளேயே இருக்கவேண்டிய மதேரோ, அக்டோபர் தொடக்கத்தில் ரயிலேறித் தப்பி, டெக்சாஸின் சான் அன்டோனியோவை அடைந்தார். அறிக்கை அங்கேதான் உருவானது. ஆனால் அதில் இட்ட தேதி அக்டோபர் 5, இடம் சான் லூயிஸ் போத்தோசி. அமெரிக்க மண்ணிலிருந்து போருக்கு அழைத்ததாக வழக்கு வரக்கூடாது என்ற முன்னெச்சரிக்கை அது.

அறிக்கை முழுவதுமே இப்படிச் சட்டத்தைப் பற்றிக்கொண்டுதான் பேசுகிறது. தேர்தல் செல்லாது, தியாஸ் அரசை ஏற்க முடியாது, மறுதேர்வு கூடாது, தற்காலிக அதிபர் பொறுப்பை நானே ஏற்கிறேன் என்று வரிசையாகச் செல்கிறது. இவ்வளவு மட்டும் இருந்திருந்தால் நகரத்துப் படித்தவர்களோடு அது நின்றிருக்கும். மூன்றாம் பிரிவில் ஒரு பத்தி அதைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. தரிசு நிலச் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்திச் சிறு உடைமையாளர்கள் பலரிடமிருந்து, அவர்களில் பெரும்பாலோர் பூர்வகுடிகள், நிலம் பறிக்கப்பட்டது. அந்த உத்தரவுகளும் தீர்ப்புகளும் மறு ஆய்வுக்கு உள்ளாகும். முறைகேடாகப் பெற்றவர்கள் பழைய உரிமையாளருக்கு நிலத்தைத் திருப்பித் தந்து நஷ்டஈடும் கொடுக்க வேண்டும். இதுதான் அந்தப் பத்தியின் சாரம். மெக்சிகோவின் புரட்சியை ஊரகத்தில் வேர் பிடிக்க வைத்தது, வாக்குரிமைப் பேச்சைவிட, இந்தப் பத்திதான் என்பது என் வாதம்.

பசியும் பண்ணைக் கொடுமையும் இருந்த நாட்டில் அறிக்கை இல்லாமலே கலகம் வெடித்திருக்காதா என்று கேட்கலாம். வெடித்துப் பார்த்தது. ரிக்கார்தோ புளோரெஸ் மகோனின் லிபரல் கட்சி 1906இலேயே எட்டு மணி நேர வேலை, குறைந்தபட்சக் கூலி, நிலம் என்று மதேரோவைவிடப் பல மடங்கு துணிவான திட்டத்தை வெளியிட்டது. அவர்கள் 1906இலும் 1908இலும் நடத்திய எழுச்சிகளை அரசு நசுக்கிவிட்டது. நவம்பர் 20ஆம் தேதியே தோல்விதானே என்பது அடுத்த கேள்வி. உண்மைதான். எல்லை தாண்டி வந்த மதேரோ, எதிர்பார்த்த படை இல்லாததால் திரும்பிப் போனார். புவெப்லாவில் அவரது ஆதரவாளர் அக்கிலெஸ் செர்தான் குறித்த நாளுக்கு முன்பே போலீஸ் முற்றுகையில் சிக்கி உயிரிழந்தார். ஆனால் சிவாவா மலைப்பகுதியில் பாஸ்குவால் ஒரோஸ்கோவும் பாஞ்சோ வில்லாவும் பின்வாங்கவில்லை. 1911 மே மாதம் சியுதாத் ஹுவாரெஸ் நகரம் அவர்களிடம் வீழ்ந்தது. மே 25 அன்று தியாஸ் பதவி விலகினார். கலகக்காரர்களை இனி கொள்ளையர் என்று ஒதுக்க முடியாது. திருடப்பட்ட ஒரு தேர்தல், அறிவிக்கப்பட்ட ஒரு தலைவர், எழுத்தில் உள்ள ஒரு கோரிக்கை என மூன்றையும் அவர்களுக்கு அந்த அறிக்கை கொடுத்திருந்தது.

வலுவான மறுப்பு வேறொன்று உண்டு. மதேரோ நிலச் சீர்திருத்தவாதி அல்லர், விவசாயிகள்தான் அந்தப் பத்தியில் இல்லாததைப் படித்துக்கொண்டார்கள் என்பார்கள். மதேரோவே 1912இல் ‘எல் இம்பார்சியால்’ நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில், பெரும் பண்ணைகளைப் பங்கிடுவதாகத் தாம் வாக்களிக்கவே இல்லை என்றார். ஆனால் மொரேலோஸ் மாநிலத்தின் அனெனெகுயில்கோ கிராமத்தைப் பாருங்கள். கரும்பு ஆலைப் பண்ணைகள் அதன் வயல்களை விழுங்கிக்கொண்டிருந்தன. 1909இல் அவ்வூர்ப் பெரியவர்கள் பொறுப்பை இளைஞர் எமிலியானோ சபாட்டாவிடம் ஒப்படைத்தபோது, ஊர் நிலத்தின் பழைய பத்திரங்களையும் சேர்த்தே கொடுத்தார்கள். அவர்கள் முதலில் கேட்டது பங்கீடு அல்ல. பத்திரம் கையில் இருக்க நிலம் மட்டும் போய்விட்டது. அது திரும்ப வேண்டும் என்றார்கள். மூன்றாம் பிரிவு சொன்னதும் அதையேதான். ஆகவே சபாட்டாவின் ஆட்கள் அதைத் தவறாகப் படிக்கவில்லை. எழுதியவரைவிட ஊன்றிப் படித்தார்கள் என்றே கருதுகிறேன்.

மதேரோ அதிபரான பிறகு வந்த சண்டையும் இதை உறுதிசெய்கிறது. 1911 நவம்பரில் சபாட்டா தரப்பு வெளியிட்ட ‘அயாலா திட்டம்’ மதேரோவைத் துரோகி என்று சாடியது. ஆனால் அவர் எழுதிய சான் லூயிஸ் போத்தோசித் திட்டத்தைத் தள்ளிவிடாமல், சில சேர்க்கைகளுடன் அதைத் தனதாகவே அறிவித்துக்கொண்டது. அந்தச் சேர்க்கைகளில் ஒன்று கவனிக்கத்தக்கது. மதேரோவின் பத்தியில் முதலில் விசாரணை, பிறகுதான் நிலம். வழக்கு முடியும்வரை பண்ணையாரே வயலை ஆள்வார். அயாலா அந்த வரிசையைத் திருப்பிப் போட்டது. பத்திரம் வைத்திருக்கும் கிராமத்தார் உடனே நிலத்தில் இறங்கலாம். தனக்கு உரிமை உண்டு என்று நினைக்கும் பண்ணையார், புரட்சி வென்ற பிறகு அமையும் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போய் அதை நிரூபித்துக்கொள்ள வேண்டும்.

(தொடரும்)