மண்ணுக்கு எதற்கு உயரம்?

சென்னையின் சிந்தாதிரிப்பேட்டை ஊராவதற்கு முன்னால் தோட்டமாக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வணிகராக இருந்த சுங்குராமரின் பெருந்தோட்டம் அது. கூவம் ஆறு வளைந்து சூழ்ந்த நிலம். 1734இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் அந்த இடத்தைக் கம்பெனிக்காக எடுத்துக்கொண்டு, நூல் நூற்பவர்களையும் நெசவாளர்களையும் சாயமிடுகிறவர்களையும் குடியமர்த்தினார். தறிச்சத்தம் வந்தது, தோட்டம் போயிற்று.

இன்று ஐயா முதலி தெருவிலோ அருணாச்சலம் தெருவிலோ நடந்தால் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. கொல்லைப்புறம் இருந்த இடத்தில் அறை எழும்பிவிட்டது. முற்றம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் பலவற்றில் முற்றத்துக்கும் கூரை போட்டாயிற்று. வெயில் நேராக விழும் இடம் என்று மிச்சம் இருப்பது மொட்டைமாடிதான். அங்கே காய்கறி போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் நாலைந்து தொட்டி வாங்குகிறார்கள். தொட்டிகள் பெருகி, மே மாத வெயிலில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தண்ணீர் ஊற்றி அலுத்த பிறகு, ஒரே பெரிய பாத்தியாகப் போட்டுவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. மேட்டுப்பாத்தி அப்படித்தான் மாடி ஏறுகிறது.

தரையிலிருந்து ஓர் அடி அளவுக்கு உயர்த்தி, நாலு பக்கமும் தடுப்பு வைத்து, உள்ளே மண் கலவை நிரப்பினால் அது மேட்டுப்பாத்தி. தமிழ்நாட்டு விவசாயிக்கு இதில் புதுமை ஏதும் இல்லை. வெற்றிலைக் கொடிக்காலில் பாத்தி உயர்ந்தும் வாய்க்கால் தாழ்ந்தும் இருக்கும். மஞ்சளை மேட்டில்தான் ஊன்றுகிறார்கள். நாற்றங்காலையும் மேடாக்கியே விதைக்கிறார்கள். இந்தப் பயிர்களுக்கெல்லாம் ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் நிற்கக்கூடாது. மெக்சிகோவில் ஆஸ்டெக் மக்கள் ஆழமற்ற ஏரியிலிருந்து சேற்றை வாரிக் குவித்து, நீருக்கு மேலே நீளநீளமான பாத்திகள் அமைத்து ஒரு தலைநகரத்துக்கே சோறு போட்டார்கள். சினாம்பா எனப்படும் அந்தப் பாத்திகளில் சில இன்றும் விளைகின்றன.

சென்னை மொட்டைமாடிக்கு இன்னும் நெருங்கிய உறவு கியூபாவில் இருக்கிறது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அந்த நாட்டுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெயும் உரமும் நின்றுபோயின. கிராமத்தில் விளைந்ததை ஹவானாவுக்கு ஏற்றிவர லாரிக்கு டீசல் இல்லை. நகரத்துக் காலி மனைகளிலும் இடிபாடு கிடந்த இடங்களிலும் கல்லும் கான்கிரீட்டும் வைத்துத் தடுப்புக் கட்டி, மண்ணையும் மக்கிய எருவையும் நிரப்பிக் கீரையும் காயும் போட்டார்கள். ‘ஓர்கனோபோனிகோ’ என்று அதற்குப் பெயர். கீழே இருப்பது நல்ல மண்ணா, சிமென்ட்டா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. பயிருக்கு வேண்டிய மண்ணை மேலே புதிதாக உண்டாக்கிக்கொண்டார்கள். மாடியில் நடப்பதும் அதுதான்.

வயலில் தண்ணீர் நிற்காமலிருக்க மேடு போடுகிறார்கள்; மாடியிலோ கீழே மண்ணே இல்லை. அப்படியிருக்க, பாத்திக்கு ஏன் உயரம் வேண்டும்? நாலு அங்குலம் போதாதா?

வேர் தண்ணீர் குடிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வேர் மூச்சும் விடுகிறது. மண் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் காற்று இருந்தால்தான் அதற்கு ஆக்சிஜன். அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர் நின்றுவிட்டால் வேர் திணறும், அழுகல் பூஞ்சைகள் ஏறும், செடி வாடும். வாடுகிறதே என்று பதறி இன்னும் ஒரு குடம் ஊற்றுகிறவர்கள் உண்டு. தண்ணீர் இல்லாமல் வாடும் செடியும் தண்ணீர் மிஞ்சி வாடும் செடியும் மேலே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பாத்திரம் தேய்க்கும் செவ்வக ஸ்பாஞ்ச் ஒன்று இருந்தால் இதைச் சமையலறையிலேயே கண்ணால் பார்க்கலாம். அதை நன்றாக நனைத்து, படுக்கை வாட்டில் உள்ளங்கையில் ஏந்தி, சொட்டுவது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். இனி ஒரு துளியும் விழாது என்ற நிலையில் அதை அப்படியே செங்குத்தாக நிமிர்த்தினால், பிழியாமலே மறுபடியும் தண்ணீர் ஒழுகும். ஸ்பாஞ்ச் அதேதான், துளைகளும் அவையேதான். மாறியது உயரம் மட்டும். நுண்துளைகள் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், எந்தக் கலவையிலும் அடியில் ஒரு பட்டை எப்போதும் நீர் நிறைந்தே இருக்கும். அந்தப் பட்டை எத்தனை அங்குலம் என்பதைத் துளைகளின் அளவுதான் முடிவு செய்கிறது. பாத்தியின் ஆழம் அல்ல. உதாரணத்துக்கு அது இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொண்டால், ஆறு அங்குலப் பாத்தியில் மூன்றில் ஒரு பங்கு வேருக்கு உதவாது. பன்னிரண்டு அங்குலப் பாத்தியில் ஆறில் ஒரு பங்குதான் போகிறது.

தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பி அதன்மேல் மண் போடும் வழக்கம் ஏன் வீண் என்பதும் இதிலிருந்தே விளங்கும். நுண்ணிய மண்ணில் இருக்கும் தண்ணீர், பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குள் எளிதில் இறங்காது. ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். ஜல்லி போட்ட உயரம் அத்தனையும் வேருக்கு நட்டம், மாடிக்குப் பாரம். மண் கொட்டாமல் இருக்க ஓட்டை வாயில் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றை வைத்தால் போதும்.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டித் தீர்க்கிறது. அந்த நாட்களில் ஓர் அடி உயரமும் அடியில் தாராளமான ஓட்டைகளும் உள்ள பாத்தி, மழை விட்ட சில மணி நேரத்தில் மூச்சு விடத் தொடங்கும். பாத்தியைத் தளத்தில் நேராக வைக்காமல், செங்கல் அடுக்கி அதன்மேல் ஏற்றி வைப்பது கட்டாயம். கீழே காற்றோடும், தளம் காயும், எங்கே ஒழுகுகிறது என்று குனிந்து பார்க்கலாம். மாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் வலை கட்டுவதும் முக்கியம். 2003இலிருந்து மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம்; பாத்தியிலிருந்து அடித்து வரும் மண் கலவை அந்தக் குழாயை அடைத்தால் மாடி குளமாகிவிடும்.

உயரம் நல்லது என்றால் இரண்டடி போடலாமே என்ற ஆசை வரும். அங்கேதான் கணக்குப் போட வேண்டும். நாலடி நீளம், இரண்டடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள பாத்தி ஒன்று ஏறத்தாழ 226 லிட்டர் பிடிக்கும். அதில் வெறும் தோட்ட மண்ணை நிரப்பி, மழையில் நனைய விட்டால் சுமார் 400 கிலோ. மனிதர் ஏறி நடமாடும் மொட்டைமாடிக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி வைத்திருக்கும் கூடுதல் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவில்தான். அந்தப் பாத்தி அடைத்துக்கொள்ளும் இடத்தின் பங்கு 110 கிலோவைச் சற்றே தாண்டும். வித்தியாசம் சின்னதல்ல.

பழைய வீடுகளில் இன்னும் கவனம் தேவை. சிந்தாதிரிப்பேட்டையின் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரையைக் காணலாம்: தேக்கு விட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, ஓடு ஒட்டி முடித்த கூரை. கொத்தனாரின் கைத்திறனால் நிற்கும் அருமையான கட்டுமானம் அது. ஆனால் விட்டம் மரம். இடைவிடாத ஈரம் இறங்கினால் மரம் இற்றுப்போகும். அப்படிப்பட்ட கூரையின்மேல் பாத்தி வைக்கவே கூடாது. முற்றம் மிஞ்சியிருந்தால் அங்கே வைக்கலாம். கான்கிரீட் தளமாக இருந்தாலும் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ ஓடும் இடத்துக்கு நேர் மேலே, ஓரமாக, பாத்திக்குப் பாத்தி இடம் விட்டு வைப்பதே சரி. இரண்டு மூன்று பாத்திக்கு மேல் போகிறவர்கள் ஒரு கட்டடப் பொறியாளரைக் கேட்டுவிடுவது நல்லது.

பாரத்தைக் குறைக்கும் வழி தமிழ்நாட்டிலேயே விளைகிறது. தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் தூள், பொள்ளாச்சிப் பக்கத்து நார் ஆலைகளில் ஒரு காலத்தில் மலைமலையாகக் கிடந்தது. இன்று அதை அழுத்திக் கட்டியாக்கி உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். 5 கிலோ கட்டி ஒன்றைத் தண்ணீரில் ஊறப் போட்டால் 60 லிட்டருக்கு மேல் உப்பிவிடும். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொண்டும் உள்ளே காற்றுக்கு இடம் விடும். இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, உப்பு; இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசாமல் பயன்படுத்தினால் நாற்றின் இலை ஓரம் கருகும். மற்றது, அதில் சத்து மிகக் குறைவு. அதனால் நார்த்தூள், செம்மண், மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் மூன்றையும் சரிபங்காகக் கலப்பது பரவலான வழக்கம். மாடிக்குச் செம்மண்ணை இன்னும் குறைத்து, நார்த்தூளைக் கூட்டிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் முன்சொன்ன 400 கிலோ ஏறத்தாழப் பாதியாகும். அப்போதும் அது விதி சொல்லும் அளவைவிட அதிகம் என்பதால்தான் சுவருக்கு மேலே, இடைவெளி விட்டு என்ற எச்சரிக்கை.

தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை 2013–14இல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது கையில் எடுத்ததும் இந்த நார்த்தூளைத்தான். பிறகு 2021இல் வந்த திட்டத்தில் 900 ரூபாய் மதிப்புள்ள மாடித்தோட்டத் தளை 225 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆறு செடி வளர்ப்புப் பைகள், நார்க்கழிவுக் கட்டிகள், காய்கறி விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்கள், டிரைக்கோடெர்மா விரிடி, வேப்பெண்ணெய் மருந்து, ஒரு கையேடு ஆகியவை அதில் இருந்தன. இதில் டிரைக்கோடெர்மாவைப் பலர் பிரிக்காமலே வைத்துவிடுகிறார்கள். அழுகல் பூஞ்சைகளைத் தின்று வாழும் பூஞ்சை அது. கலவை தயாரிக்கும்போதே எருவோடு சேர்த்துவிட்டால் மழைக்காலத்தில் நாற்று சாய்வது வெகுவாகக் குறையும். நேரில் கற்க விரும்புகிறவர்களுக்குக் கிண்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது.

உரத்துக்கு இந்தப் பேட்டைக்காரர்கள் வெளியே போக வேண்டியதில்லை. சென்னையில் மீன் வாங்குகிறவர்களுக்குச் சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டைத் தெரியாமல் இருக்காது. அங்கே மீன் வெட்டித் தருபவர்களிடம் தலை, குடல், செதில் எல்லாம் கழிவாகச் சேரும். அதை எடை போட்டு, அதே எடைக்கு நாட்டுவெல்லம் பொடித்துக் கலந்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு நிழலில் மூன்று வாரத்துக்கு மேல் வைத்தால் தேன் நிறத்தில் ஒரு திரவம் இறங்கும். மீன் அமிலம் இதுதான். கொரியாவின் சோ ஹான்-கியூ உருவாக்கிய இயற்கை வேளாண்மை முறையிலும் இது உண்டு, இங்கே இயற்கை வேளாண் அறிவியலாளர் கோ. நம்மாழ்வார் வழிவந்த பயிற்சி முகாம்கள் மூலம் ஊர் ஊராகப் பரவியது. வெல்லத்தின் அடர்த்தி கெட்ட கிருமிகளை அண்டவிடாது. மீனின் குடலில் இருக்கும் நொதிகளே அதன் புரதத்தைச் சின்னச் சின்ன அமினோ அமிலங்களாக உடைத்துவிடும். வெல்லம் குறைந்தால் மட்டும்தான் நாற்றம் தெருவைக் கூட்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து மாலையில் இலைமேல் தெளித்தால் கீரையின் பச்சை சில நாளில் ஏறுவதைப் பார்க்கலாம்.

உயர்த்திய பாத்தி நான்கு பக்கமும் வெயில் படுவதால் சீக்கிரம் காயும். அதற்கு விலை கொடுத்தாக வேண்டும். கோடையில் ஒரு சதுர மீட்டர் பாத்தி நாளொன்றுக்கு ஆறு லிட்டர் அளவுக்குத் தண்ணீரை ஆவியாக விட்டுவிடும். காய்ந்த இலை, தேங்காய் மட்டை, கரும்புச் சக்கை என்று எதையாவது இரண்டு அங்குலத்துக்கு மூடாக்காகப் போட்டால் இந்த இழப்பு நன்றாகக் குறையும். பாதி வெயிலை மறைக்கும் பச்சை நிழல்வலை ஒன்று சித்திரை, வைகாசிக்கு அவசியம். உப்பு ஏறிய போர்வெல் தண்ணீர் மட்டுமே கிடைக்கும் வீடுகளில் பாத்தி ஓரத்தில் வெள்ளை படியும். அங்கே அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைச் சேர்த்துவைத்து ஊற்றுவதும், மழையில் பாத்தியை நன்றாக நனையவிட்டு உப்பைக் கழுவி இறக்குவதும் பலன் தரும்.

என்ன போடுவது என்பதைப் பஞ்சாங்கமும் வெயிலும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. தக்காளி, இரவு குளிர்ந்தால்தான் ஒழுங்காகக் காய் பிடிக்கும். மே மாதத்தில் பூவாகப் பூத்து, எல்லாம் உதிர்ந்துவிடுவது செடியின் நோயல்ல. மகரந்தம் சூட்டில் செயலிழப்பதால் நேர்வது. ஐப்பசியில் மழை படாத இடத்தில் நாற்று விட்டு, கார்த்திகையில் மழை ஓயும்போது பாத்தியில் நட்டால், சென்னைக்குக் கிடைக்கும் கொஞ்சநஞ்சக் குளிர் அத்தனையும் பூக்கும் பருவத்துக்குப் போய்ச் சேரும். கோடைக்கு வெண்டை, கொத்தவரை, கத்தரி. வெண்டை விதைத்து 45 நாளில் முதல் காய் தந்துவிடும். முதல்முறை பாத்தி போடுகிறவர்கள் முளைக்கீரையில் தொடங்குவது நல்லது. மாதம் ஆவதற்குள் பறித்துவிடலாம், வேரும் ஆழம் கேட்காது, கலவை சரியாக வந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

பாத்தியின் அகலம் நாலடியைத் தாண்டக்கூடாது. சுவரோரமாக இருந்தால் இரண்டடி. கை எட்டாவிட்டால் கால் உள்ளே போகும். கால் ஒருமுறை மிதித்த இடத்தில், உயரம் கொடுத்துச் சேர்த்த காற்றெல்லாம் வெளியேறிவிடும். ஒவ்வோர் அறுவடைக்குப் பிறகும் கலவை இரண்டு மூன்று அங்குலம் அமிழ்ந்திருக்கும், ஏனென்றால் எரு மக்கிக் கரைகிறது. பழைய கலவையைத் தூக்கி எறியத் தேவையில்லை. கிளறி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, அமிழ்ந்த அளவுக்கு மண்புழு உரத்தை மேலே நிரப்பிக்கொள்ளலாம். தக்காளி நின்ற இடத்தில் உடனே கத்தரியோ மிளகாயோ வைக்காமல் காராமணியோ கொத்தவரையோ போட வேண்டும். தக்காளியும் கத்தரியும் மிளகாயும் ஒரே குடும்பம், ஒன்றின் வேர்நோய் மண்ணில் தங்கி அடுத்ததைப் பிடிக்கும். காராமணியின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தரும்; காய் பறித்து முடித்தபின் கொடியைப் பிடுங்காமல் தரையோடு வெட்டி, வேரை அப்படியே உள்ளே விட்டுவைத்தால் அதன் பலன் அடுத்து வரும் கீரைக்குக் கிடைக்கும்.