கோப்பும் குடிமகனும் – 9: முக்கால் மணி நேர ரகசியம்

பெரம்பலூர் மாவட்டத்தில் பேரூராட்சிகள் நான்கு. அதில் ஒன்று வெள்ளாற்றின் தென்கரையில் உள்ள லப்பைக்குடிக்காடு. அங்கே ஒரு பெரிய கால்வாயோ சாலையோ போட வேண்டுமென்றால், செயல் அலுவலர் தனக்கு வேண்டிய ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டு வேலையைக் கையில் கொடுத்துவிட முடியாது. 1998-ல் தமிழ்நாடு கொண்டுவந்த டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ல் வந்த அதன் விதிகளும் குறுக்கே நிற்கின்றன. 2 கோடி ரூபாய் வரையிலான வேலை என்றால் டெண்டர் போட 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கு மேல் போனால் 30 நாள். சிறு வேலைகளுக்கும் அவசர வேலைகளுக்கும் விலக்கு உண்டு. மற்றபடி ஒரு நாளைக் குறைப்பதென்றாலும் மேலதிகாரி ஒப்புதல் தர வேண்டும், ஏன் குறைத்தோம் என்பதை எழுதி வைக்க வேண்டும். இந்த விதியை எப்படியெல்லாம் ஏய்க்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதிதான். ஆனாலும் விதி என்று ஒன்று எழுத்தில் இருப்பதால்தான், ஏய்த்தார்கள் என்று நம்மால் சொல்லவாவது முடிகிறது.

இந்தப் பகுதியை உள்ளடக்கிய பெரம்பலூர் மக்களவைத் தொகுதி 1996, 1999, 2004 என மூன்று முறை ஆ.ராசாவை டெல்லிக்கு அனுப்பியது. பெரம்பலூரை அடுத்த வேலூர் கிராமத்துக்காரர் அவர். 2007 மே மாதம் தொலைத்தொடர்பு அமைச்சரானார். 2008 ஜனவரி 10-ம் தேதி பிற்பகல் 2.45 மணிக்கு அவருடைய துறை ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. செல்பேசிச் சேவை உரிமத்துக்கு விண்ணப்பித்த நிறுவனங்கள் 3.30 மணிக்குள் டெல்லி சஞ்சார் பவனுக்கு வந்து ஒப்புதல் கடிதத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்றது அது. இடைப்பட்ட நேரம் முக்கால் மணி. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற பழைய வரிசைக்கு அன்றைக்கு ஒரு புதுப் பொருள் வந்தது. விண்ணப்பத்தை யார் முதலில் கொடுத்தார் என்பது போய், நிபந்தனைகளை நிறைவேற்றி யார் முதலில் பணம் கட்டுகிறார் என்பது வரிசையானது. அகில இந்திய உரிமத்துக்கு 1,658 கோடி ரூபாய். 2001-ல் நிர்ணயித்த அதே விலை. அத்தனை பெரிய தொகைக்கு டிமாண்ட் டிராஃப்ட் எடுத்து, வங்கி உத்தரவாதத்தோடு ஒரு மணி நேரத்துக்குள் கவுன்ட்டரில் நிற்க யாரால் முடியும்? முன்பே தெரிந்தவரால் முடியும். சில டிராஃப்ட்டுகளில் ஜனவரி 10-க்கு முந்தைய தேதியே இருந்ததைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பின்னாளில் சுட்டிக்காட்டினார். இது போதாதென்று இன்னொன்றும் அன்றுதான் வெளியே தெரிந்தது. 2007 அக்டோபர் 1 வரை விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்துவிட்டு, செப்டம்பர் 25 வரை வந்தவற்றை மட்டுமே எடுத்துக்கொள்வது என்று கோப்புக்குள் முடிவெடுத்திருந்தார்கள். மாதக்கணக்கில் அந்த முடிவு கோப்பை விட்டு வெளியே வரவில்லை.

டெண்டர் சட்டம் அரசு வாங்குவதற்கானது, உரிமம் என்பது அரசு கொடுப்பது, இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். கேட்பது நியாயம். ஆனால் மக்கள் பணத்தில் சிமென்ட் வாங்குவதற்கே பதினைந்து நாளும் எழுத்தில் காரணமும் கேட்கிற நாடு, மக்களின் சொத்தான அலைக்கற்றையைத் தூக்கிக் கொடுக்கும்போது அதைவிடக் கூடுதலாகத்தானே கேட்டிருக்க வேண்டும்? சென்ற வாரங்களில் 1923-ம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தைப் பற்றிப் பார்த்தோம். ரகசியம் என்றதும் நமக்கு ராணுவ வரைபடமும் உளவாளியும்தான் நினைவுக்கு வருகிறார்கள். 2ஜி என்று பெயர்பெற்ற இந்த உரிம விவகாரத்தில் எந்தத் தாளிலும் ‘ரகசியம்’ என்று முத்திரை குத்தியிருக்கத் தேவையே இருக்கவில்லை. ஒரு முடிவின் காரணத்தைச் சொல்லாமல் விட்டார்கள், சொன்னதையும் தாமதமாகச் சொன்னார்கள். அதிலேயே காரியம் முடிந்துவிட்டது. நம் அரசியலில் பெரும்பாலான ரகசியம் இந்த வகைதான். இதனால் திருடன் தப்பிக்கிறான் என்பது பாதி விஷயம். திருடாதவன் தான் திருடவில்லை என்று நிரூபிக்க வழியில்லாமல் போகிறது என்பது மறுபாதி. அந்த மறுபாதியைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

இதற்கு இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 2012 பிப்ரவரி 2-ல் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் சிங்வி, கங்குலி அமர்வு அப்படிக் கொடுத்த 122 உரிமங்களையும் ரத்து செய்தது. ஒதுக்கிய விதம் தன்னிச்சையானது, முன்கூட்டியே தெரிந்துகொண்டவர்களுக்குச் சாதகமாக எல்லாம் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது என்றது. 2017 டிசம்பர் 21-ல் சிறப்பு நீதிமன்ற நீதிபதி ஓ.பி.சைனி, சிபிஐ தொடர்ந்த குற்ற வழக்கில் ராசா உட்பட அனைவரையும் விடுதலை செய்தார். ஏழு ஆண்டுகள், கோடை விடுமுறையிலும்கூட, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை ஏற்கத்தக்க சாட்சியத்துக்காகக் காத்திருந்தேன், எதுவும் வரவில்லை என்று எழுதினார். எல்லோரும் வதந்தியையும் ஊகத்தையும் வைத்துக்கொண்டு பேசியதாகவும் சொன்னார். ஒதுக்கீடு முறையற்றது என்பதும், அதில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதும் சட்டப்படி ஒன்றோடொன்று மோதாத முடிவுகள். ஆனால் டீக்கடையில் இந்த நுணுக்கம் செல்லுபடியாகாது. ஒரு தரப்புக்கு அவர் இன்றும் லட்சம் கோடி ஊழல்வாதி. இன்னொரு தரப்புக்குப் பழிவாங்கப்பட்ட அப்பாவி. இரண்டு தரப்புமே தங்கள் கட்சியைப் பொறுத்து முடிவு செய்துகொண்டவை. கோப்பைப் படித்து முடிவுக்கு வந்தவர் யாரும் இல்லை. படிக்கும்படி அது இருந்ததும் இல்லை.

இதை உருவகமாகச் சொல்லவில்லை. சைனியின் தீர்ப்பில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு பகுதி இருக்கிறது. தொலைத்தொடர்புத் துறை அதிகாரிகளின் கோப்புக் குறிப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக்கிடந்தன என்கிறார். சிலது தாளின் ஓரத்திலும் மேலும் கீழுமாக நெருக்கியடித்து எழுதியவை. கையெழுத்து படிக்கவே சிரமம். படித்தாலும் என்ன சொல்ல வருகிறார்கள் என்று விளங்காது. பல ஆயிரம் கோடி மதிப்புள்ள ஒரு கொள்கை முடிவின் ஆதார ஆவணம் இந்த லட்சணத்தில் இருந்திருக்கிறது! அமைச்சர் சொல்லி அதிகாரி எழுதினாரா, அதிகாரி எழுதியதில் அமைச்சர் கையெழுத்துப் போட்டாரா என்பதுதான் வழக்கின் உயிர்நாடி. அதைச் சொல்ல வேண்டிய ஒரே சாட்சி அந்த ஓரக்குறிப்பு. பிரதமர் அலுவலகத்தின் கதை இதைவிட வினோதம். ராசா பிரதமருக்கு எழுதிய கடிதத்தின் முக்கியமான, சர்ச்சைக்குரிய பகுதியைப் பிரதமரின் பார்வைக்குக் கொண்டுபோகாமல் மறைத்தது ராசா அல்ல, பிரதமரின் சொந்த அலுவலக அதிகாரிகள்தான் என்கிறது தீர்ப்பு. உரிமக் கடிதங்கள் கொடுத்து முடிந்த பின், அதே ஜனவரியில், அந்த அலுவலகக் கோப்பில் இன்னொரு குறிப்பு ஏறியது. இந்த விவகாரத்தில் துறைக்கு முறையான கடிதம் அனுப்ப வேண்டாம், நம் அலுவலகம் சற்று எட்டியே நிற்கட்டும் என்று பிரதமர் விரும்புவதாக அது சொன்னது. அப்பழுக்கற்றவர் என்று பெயரெடுத்த மன்மோகன் சிங்குக்கு அந்த எட்டி நிற்றல் என்ன நன்மை செய்தது? தெரிந்தே விட்டார் என்று ஒரு கூட்டமும், தெரியாமலே இருந்தார் என்று இன்னொரு கூட்டமும் ஏசுவதற்குத்தான் அது பயன்பட்டது.

நாடாளுமன்றம் என்ன செய்தது? 2010 குளிர்காலக் கூட்டத்தொடர் முழுவதும் கூட்டுக்குழு கேட்டு முடங்கியது. பி.சி.சாக்கோ தலைமையில் குழு அமைந்ததும், முதன்மைக் குற்றச்சாட்டுக்கு ஆளானவரே நேரில் வந்து சொல்கிறேன் என்று கேட்டார். அழைக்கவில்லை. எழுத்துமூலம் பதில் வாங்கிக்கொண்டு, அவர் பிரதமரைத் தவறாக வழிநடத்தினார் என்று குழு அறிக்கை எழுதியது. காரணம் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காததால், தொகைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. தணிக்கையாளர் அறிக்கை கணக்குப் போட்ட முறைக்கேற்ப 57,666 கோடி முதல் 1,76,645 கோடி வரை உத்தேச இழப்பு என்றது. சிபிஐ குற்றப்பத்திரிகை ஏறக்குறைய 30,984 கோடி என்றது. அமைச்சர் கபில் சிபல் இழப்பே பூஜ்ஜியம் என்றார். பெரிய தொகை மட்டும் சுவரொட்டிக்குப் போனது.

கோப்பை மூடிவைக்கும் இந்தப் பழக்கத்தில் கட்சி வேறுபாடு கிடையாது. 2ஜியைச் சொல்லி ஆட்சிக்கு வந்தவர்கள் 2018-ல் தேர்தல் பத்திரத் திட்டத்தை அமல்படுத்தினார்கள். யார் யாருக்குக் கொடுத்தார் என்பது வாக்காளருக்குத் தெரியக்கூடாது என்பதே அதன் வடிவமைப்பு. ஒரு கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அறியும் பொது உரிமை குடிமக்களுக்குக் கிடையாது என்று அரசின் தலைமை வழக்கறிஞர் 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டார். 2024 பிப்ரவரி 15-ல் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் திட்டத்தையே செல்லாது என்று அறிவித்த பிறகுதான் பட்டியல் வெளிவந்தது. அதில் லாட்டரித் தொழில் நிறுவனமான ஃபியூச்சர் கேமிங் முதலிடத்தில் நின்றது, அதனிடமிருந்து தி.மு.க. பெற்ற தொகை 509 கோடி. இதை மூடிய உறைக்குள் தேர்தல் ஆணையத்திடம் சொன்ன சில கட்சிகளில் தி.மு.க.வும் ஒன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே தமிழ்நாடுதான் 1997-ல், வேறெந்த மாநிலத்துக்கும் முன்பாக, தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தில் விலக்குகளின் பட்டியல் நீளம் என்ற குறை அப்போதே எழுந்தது. மத்தியச் சட்டம் வந்த பின், 2008-ல், லஞ்ச ஒழிப்புத் துறையையே அதன் வரம்புக்கு வெளியே வைத்து அரசாணை போட்டதும் இதே மாநிலம். ஆட்சி மாறியது, அரசாணை மாறவில்லை.

எல்லாவற்றையும் திறந்து வைத்தால் அதிகாரி மனம்விட்டு எழுதமாட்டார், அமைச்சரவை வெளிப்படையாக விவாதிக்காது என்பது இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு. கனமான மறுப்புதான். முடிவெடுக்கும் வரை பேச்சு உள்ளேயே இருக்கட்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பிரிவு 8(1)(i) அமைச்சரவை ஆவணங்களுக்கு விலக்கு தருகிறது. கையோடு, முடிவெடுத்து விஷயம் முடிந்த பின் முடிவையும், அதற்கான காரணங்களையும், அதற்கு அடிப்படையான ஆவணங்களையும் வெளியிட வேண்டும் என்கிறது. பிரிவு 4 இன்னும் ஒரு படி மேலே போய், பொதுமக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை அறிவிக்கும்போதே அதற்கான தகவல்களையும் யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. ஜனவரி 10-ம் தேதி இந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது. 2005-லிருந்து இருக்கிறது. அதை மீறினால் தண்டனை என்ன என்பதில்தான் ஓட்டை. விண்ணப்பத்துக்குப் பதில் தராத தகவல் அலுவலருக்கு 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பிரிவு 4-ன்படி தானாக வெளியிடாத துறைக்கு அபராதம் எதுவும் கிடையாது.

இன்னொரு மறுப்பு அதிகாரிகளின் தரப்பிலிருந்து வருவது. 2ஜிக்குப் பிறகு கையெழுத்துப் போடவே எல்லோரும் பயந்தார்கள், கோப்பு நகரவில்லை என்பார்கள். உண்மை. ஆனால் அந்தப் பயம் எதிலிருந்து வந்தது? நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவும் ஐந்து வருடம் கழித்துச் சதியாகத் தெரியக்கூடும் என்பதிலிருந்து வந்தது. எடுத்த அன்றே காரணத்தோடு வெளியிட்ட முடிவை யாரும் அப்படித் திரிப்பது கடினம். எதிர்ப்பு இருந்தால் அன்றைக்கே வரும், நீதிமன்றம் அன்றைக்கே பார்க்கும். செப்டம்பர் 25 என்ற தேதியை 2007 நவம்பரிலேயே காரணத்தோடு அறிவித்திருந்தால், பாதிக்கப்பட்ட நிறுவனம் மறுநாளே வழக்குப் போட்டிருக்கும். ஜனவரி 10 என்ற நாளே வேறு மாதிரி முடிந்திருக்கும். திகார் சிறைக்குப் போக வேண்டிய அவசியம் யாருக்கும் வந்திராமலும் போயிருக்கலாம்.

இதெல்லாம் படித்தவர்கள் கவலை, மக்கள் இதைப் பார்த்தா ஓட்டுப் போடுகிறார்கள் என்ற கேள்வியும் உண்டு. ராசா நீலகிரியில் 2009-ல் வென்றார், 2014-ல் தோற்றார், 2019-லும் 2024-லும் வென்றார். வாக்காளர் தன் கணக்கைத் தன் வழியில் தீர்த்துக்கொள்கிறார்; அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் லப்பைக்குடிக்காட்டு வாக்காளருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. தொகுதி மறுவரையறையில் குன்னம் சட்டமன்றத் தொகுதியோடு அந்த ஊர் சிதம்பரம் மக்களவைத் தொகுதிக்குப் போய்விட்டது. 2004-ல் அனுப்பிய உறுப்பினரிடம் 2009-ல் கணக்குக் கேட்க அவர்கள் கையில் சீட்டே இருக்கவில்லை. தேர்தல் மட்டுமே போதும் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இப்போது வந்திருக்கும் மாற்றம் இருந்த கதவையும் ஒருக்களிக்கிறது. 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 44(3), தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j)-ஐத் திருத்தியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. முன்பு, பொதுப்பணியோடு தொடர்பில்லாத தனிநபர் தகவலை மட்டுமே மறுக்கலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது என்ற வாசகமும் இருந்தது. இரண்டும் போய், தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்றாகிவிட்டது. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற பிரிவு 8(2) இன்னும் இருக்கிறதே என்று அரசு சொல்கிறது. இருக்கிறது. ஆனால் கொடுக்கலாமா என்று முடிவு செய்பவர் அந்த அலுவலகத்துக்காரர். பொதுநலன் பெரிது என்று அவரை நம்பவைக்கும் சுமை கேட்பவர் தலையில். கோப்பின் ஓரத்தில் குறிப்பெழுதிய அதிகாரி யார், எந்த நிறுவனத்தின் சார்பில் யார் டிராஃப்ட்டோடு வந்தார் என்று நாளைக்கு ஒருவர் கேட்டால், அது தனிநபர் தகவல் என்று ஒரே வரியில் திருப்பி அனுப்ப இப்போது இடமிருக்கிறது. 2ஜி விடுதலைக்கு எதிரான சிபிஐயின் மேல்முறையீட்டை விசாரிக்க டெல்லி உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் அனுமதி தந்தது. மனு போட்டு ஆறு ஆண்டுகள் கழித்து வந்த அனுமதி அது. படிக்க முடியாத அதே குறிப்புகளைத்தான் அங்கேயும் படித்தாக வேண்டும்.