பாஸ்வேர்டு ப்ளீஸ்!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ‘சி’யில் ஒரு புரோகிராம் எழுதுறீங்க. ஃபைலைப் பூட்டி வைக்கிற என்க்ரிப்ஷன் புரோகிராம். கணக்கெல்லாம் பக்கா! பாஸ்வேர்டு கேட்க மட்டும் ஒரு பிரிண்ட்எஃப், ஒரு ஸ்கேன்எஃப். டெமோ அன்னிக்கு எக்ஸ்டர்னல் முன்னாடி டைப் பண்றீங்க... ஒவ்வொரு எழுத்தும் ப்ரொஜெக்டர்ல பளிச்! கடைசி பெஞ்ச் வரைக்கும் உங்க பாஸ்வேர்டு தெரிஞ்சுபோச்சு. (அது யாரோட பேருங்கிறது தனி மேட்டர்!)

பூட்டு எவ்வளவு ஸ்ட்ராங்கா இருந்து என்ன பாஸ், சாவி வாங்குற இடத்துலயே கோட்டை விட்டாச்சே! இந்த ஒரு வேலைக்குன்னே ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ லைப்ரரியில் தனிப் பகுதி இருக்கு. பேரு ‘யூஐ’. ரிச்சர்ட் லெவிட்டே எழுதினது. 2002 டிசம்பரில் வெளியான 0.9.7 பதிப்பில் முதன்முதலா வந்தது.

அதுல என்ன அப்படிப் பெரிய வேலை? இருக்கு. தான் எங்கே ஓடுறோம்னே லைப்ரரிக்குத் தெரியாது. கறுப்பு டெர்மினலா, மவுஸ் க்ளிக் பண்ற விண்டோவா, யாருமே உட்காராத சர்வரா? அதுபாட்டுக்கு டெர்மினல்ல கேள்வி கேட்டா, விண்டோ புரோகிராம்ல அது யார் கண்ணுலயும் படாது. பதில் வரும் வரும்னு புரோகிராம் தேமேன்னு நிக்கும்.

அதனால லைப்ரரி லிஸ்ட் மட்டும்தான் போடும். ‘பாஸ்வேர்டு வேணும், குறைஞ்சது இத்தனை எழுத்து, திரையில் தெரியக்கூடாது, இன்னொரு தடவை கேட்டுச் சரிபார்’. அம்மா எழுதித் தர்ற மளிகை லிஸ்ட் மாதிரி. எந்தக் கடை, சைக்கிளா பைக்கா... அது உங்க பாடு! நீங்க தர வேண்டியது ஐந்து ஃபங்ஷன்: திற, எழுது, திரைக்கு அனுப்பு, படி, மூடு. ஐந்தையும் ஃபங்ஷன் பாயின்டரா ஒப்படைச்சிடணும். டயலாக் பாக்ஸ் என்ன, செல்போன் மூலமாகூட கேட்கலாம்னு அதோட மேனுவலே சொல்லுது. ‘சி’யில் க்ளாஸ் கிடையாதேன்னு வைவாவில் மடக்கினா, தைரியமா இதை எடுத்து விடுங்க.

நீங்க எதுவும் தரலைன்னா? லைப்ரரியே டெர்மினல்ல கேட்டுக்கும். இங்கேதான் அனுபவம் தெரியுது. வழக்கமான இன்புட்டை யாராவது ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டிருக்கலாம் இல்லையா? அதனால முதல்ல நேரா டெர்மினலையே திறக்கப் பார்க்கும். அப்புறம் எக்கோவை அணைக்கும். நீங்க பாதியில் கன்ட்ரோல்-சி அடிச்சா உடனே செத்துப்போகாது. எக்கோவைப் பழையபடி போட்டுட்டுத்தான் போகும். ‘யூசர் வேண்டாம்னுட்டார்’ என்பதற்கு மைனஸ் 2, ‘ஏதோ கோளாறு’ என்பதற்கு மைனஸ் 1. ரெண்டும் ஒண்ணு இல்லையே!

ஒரு விஷயம் உங்க தலையில்தான் விழும். பாஸ்வேர்டு வந்து உட்கார்ற மெமரி உங்களோடது. வேலை முடிஞ்சதும் நீங்கதான் அழிக்கணும். மெம்செட் போட்டா போதும்னு நினைக்காதீங்க. ‘இதை அப்புறம் யாரும் படிக்கலையே’ன்னு கம்பைலர் அந்த வரியையே தூக்கிடலாம். அதுக்காகவே ‘ஓப்பன்எஸ்எஸ்எல் க்ளென்ஸ்’னு தனி ஃபங்ஷன் வெச்சிருக்காங்க.

சரி, எக்கோவை அணைக்கிற வேலையை நீங்களே லினக்ஸ்ல எழுதிப் பார்க்கப் போறீங்களா? நடுவுல புரோகிராம் மண்டையைப் போட்டா, அடுத்து அடிக்கிற எதுவுமே திரையில் தெரியாது. மெஷினை ஆஃப் பண்ணிடாதீங்க. எஸ்-டி-டி-ஒய், ஒரு இடம் விட்டு எஸ்-ஏ-என்-இ. குருட்டாம்போக்குல அடிச்சு, என்டரைத் தட்டுங்க!